இருவரும் பதில் சொல்லாத கேள்விகள்

கேள்வி: அதிகாரம், நீதி பற்றி உலக அறிஞர்கள் நடத்தும் உரையாடல்களைத் தேடிக் கேட்கிறேன். கடைசியில் யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைப்பதில்லை. பிறகு எதற்காகக் கேட்க வேண்டும்?

உங்கள் எரிச்சல் எனக்கும் இருந்தது. 1971-இல் நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில் அமெரிக்க மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கியும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மிஷேல் ஃபூக்கோவும் தொலைக்காட்சிக்காக நடத்திய விவாதத்தை முதன்முறை பார்த்தபோது, யார் வென்றார் என்று மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். சாம்ஸ்கிக்குத் தாராளமாகவே போட்டேன். அவர் ஆங்கிலத்தில் பேச, ஃபூக்கோ பிரெஞ்சில் மறுமொழி சொல்ல, முதல் பாதி மனித இயல்பு, மொழி, அறிவியலின் வரலாறு என்று நகர்கிறது. பொறுமை இல்லாதவர்கள் அதைத் தாண்டிப் போகலாம், பாவமில்லை.

அரசியலுக்கு வந்த பிறகுதான் சூடு பிடிக்கிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். போருக்கு வெடிமருந்து ஏற்றிச் செல்லும் ரயிலை ஒருவர் தடுத்தால் அரசு அதைக் குற்றம் என்னும். உண்மையில் குற்றம் செய்வது அந்த அரசுதான் என்பது சாம்ஸ்கியின் வாதம். ஃபூக்கோ அதை நேராக மறுக்கவில்லை. உயர்ந்த ஒரு நீதியின் பெயரால் இதைச் செய்கிறீர்களா, வர்க்கப் போராட்டத்துக்குத் தேவை என்பதால் செய்கிறீர்களா என்று கேட்கிறார். பாட்டாளி வர்க்கம் போரிடுவது போர் நியாயமானது என்பதற்காக அல்ல, அதிகாரத்தைக் கைப்பற்றத்தான் என்பது அவர் வாதம். நீதி என்ற கருத்தே அதிகாரத்தின் கருவியாகவோ, அதற்கு எதிரான ஆயுதமாகவோ புனையப்பட்டது என்கிறார். சாம்ஸ்கி இதற்கு இணங்கவில்லை. வென்றவர்கள் அடக்குமுறை ஆட்சியைத்தான் நிறுவுவார்கள் என்று உறுதியானால் அந்த வெற்றியை விரும்ப மாட்டேன் என்கிறார்.

இந்தச் சில நிமிடங்களுக்காக அதைப் பலமுறை பார்த்துவிட்டேன். 'உங்கள் நீதி யாருக்குப் பயன்படுகிறது?' என்ற கேள்விக்கு சாம்ஸ்கியிடம் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. 'நீதி வெறும் ஆயுதம் என்றால், எந்த அளவுகோலால் எதிர்க்கிறீர்கள்?' என்பதற்கு ஃபூக்கோவிடமும் கிடைக்கவில்லை. அதே ஆண்டில்தான் அவர் பிரான்சில் சிறைக்கைதிகளின் நிலைமையை வெளிக்கொண்டுவர ஒரு குழுவைத் தொடங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை எதன் பெயரால் செய்தாராம்?

இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரித்த தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் பற்றிய விவாதங்களுக்குப் போனால் எல்லாம் வேறு மாதிரி தெரியும். அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை ஒளிக்காமல் முழுதும் சொன்னால் பொதுமன்னிப்பு கோரலாம் என்பது ஏற்பாடு. தலைமை தாங்கிய பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, தண்டிப்பதைவிட உறவைச் செப்பனிடுவதே நீதி என்று வாதாடினார். 1977-இல் போலீஸ் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார் ஏற்கவில்லை. வேறு சிலரோடு சேர்ந்து அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார்கள். 1996-இல் நீதிமன்றம் பொதுமன்னிப்பு செல்லும் என்றது. அந்த வாக்குறுதி இல்லாமல் ஆட்சி மாற்றமே நடந்திருக்காது என்பது அதன் காரணங்களில் ஒன்று. அதாவது, ஆயுதம் கையில் இருந்தவர்களோடு பேசி முடித்த ஒப்பந்தம் அது. ஃபூக்கோ தலையாட்டியிருப்பார்.

உகாண்டா அறிஞர் மஹ்மூத் மம்தானியின் விமர்சனம் எனக்கு இன்னும் ஆழமாகப்பட்டது. சித்திரவதை செய்தவர், செய்யப்பட்டவர் என்று தனியாட்களை மட்டும் எண்ணினால், நிலத்திலிருந்து துரத்தப்பட்ட லட்சக்கணக்கானவர்கள் கணக்கில் வருவதில்லை. நிறவெறியால் ஆதாயம் அடைந்து, யாரையும் கையால் தொடாத சமூகமும் வருவதில்லை என்றார் அவர். ஆனால் அது அநீதி என்று சொல்லும்போது அவர் சாம்ஸ்கியின் பக்கத்தில் போய் நிற்கிறார் அல்லவா? பிகோ வழக்கில் பொதுமன்னிப்பு கேட்ட போலீஸ்காரர்களுக்கு 1999-இல் ஆணையம் அதை மறுத்தது. மறுத்த பிறகும் அவர்கள்மேல் கொலை வழக்கு நடக்கவில்லை.

நான் போட்ட மதிப்பெண் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சாம்ஸ்கிக்குக் கொஞ்சம் குறைத்துவிட்டேன். ஃபூக்கோவுக்குக் கூட்டவில்லை.