ஈ மொய்த்த பூக்கள்

அன்புள்ள ஆச்சி,

சென்ற ஆடியில் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போய்வந்தேன். அத்தனை பூ இருந்தும் நம் பிச்சியின் வாசம் எதிலும் இல்லை. படமெடுக்க விடாமல் ஈக்கள் மொய்த்தன. ஈ விழுந்த படங்களை அழித்துவிட்டேன். மலையில் எந்தச் செடி எங்கே வளரும் என்பதைக் குளிரும் மண்ணும்தானே தீர்மானிக்கின்றன? அந்த விதைகளைக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில் வளர்க்க முடியுமா?

அன்புள்ள தம்பி,

அது தேசியப் பூங்கா. அங்கிருந்து ஓர் இலையைக்கூடக் கிள்ளி வரக்கூடாது. ஆண்டில் பாதி பனிக்கடியில் கிடக்கும் செடி நம் சித்திரை வெயிலில் என்ன பாடுபடும் என்று நீங்களே யோசித்திருக்கலாம். வாசத்தை இன்னொரு நாள் பேசலாம். ஈயை வைதிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

இந்த மாசியில் பின்கட்டு மாமரத்தின் பூங்கொத்து ஒன்றை வளைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பூவும் மிளகைவிடச் சற்றே பெரிது. இதழ்கள் விரிந்து, நடுவில் தேன் திறந்தே கிடந்தது. குழலும் இல்லை, மூடியும் இல்லை. தேனீயை விட ஈக்களே அதில் அதிகம் உட்கார்ந்திருந்தன. சிறுவயதில் ஆயா வீட்டு வளவில் மாம்பழம் நறுக்கும்போதெல்லாம், பனையோலை விசிறியால் ஈ ஓட்டுவது என் வேலை. அந்தப் பழம் காய்த்ததில் ஈக்கும் பங்கு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, ஆயாவுக்கும் தெரிந்திருக்காது.

உங்கள் மலையிலும் இதே கதைதான். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பூக்களுக்கு எந்தெந்தப் பூச்சி வருகிறது என்று ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹெர்மன் முல்லர் உட்கார்ந்து பார்த்து 1881-இலேயே எழுதிவைத்தார். உயரம் ஏற ஏறத் தேனீக்கள் குறைந்து ஈக்கள் மிகுவதைப் பிற்காலத்தவர் பல மலைகளில் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலான ஈக்களின் வாய் குட்டை. ஆழ்ந்த குழலுக்குள் எட்டாது. ஆகவே உச்சியை நெருங்க நெருங்க, கிண்ணம்போல விரிந்த வெள்ளைப் பூவுக்கும் மஞ்சள் பூவுக்கும்தான் விருந்தாளி அதிகம். வட அமெரிக்காவின் ராக்கி மலையில் பனி உருகும் ஓரத்தில் பூக்கும் ரனன்குலஸ் அடோனியஸ் என்ற மஞ்சள் பூ, பகல் முழுவதும் சூரியன் பக்கம் முகத்தைத் திருப்பிக் கிண்ணத்துக்குள் சூட்டைச் சேர்க்கிறது; ஈ அங்கே குளிர் காய்கிறது.

குளிரும் மண்ணும் செடிக்கு இடம் தரும், அவ்வளவுதான். பூவின் வாய்க்குப் பொருந்துகிற பூச்சி வராவிட்டால், தன் மகரந்தத்தாலேயே விதை வைக்கவோ வேரால் பரவவோ தெரியாத செடி அந்தச் சரிவில் நிலைக்காது. குழல்பூக்கள் நம்பியிருப்பது பம்பிள்பீ எனப்படும் ரோமம் அடர்ந்த பருத்த தேனீயை. அது பறக்கும் தசைகளை நடுக்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு அந்தக் குளிரிலும் வேலைக்குக் கிளம்பிவிடும். பெடிகுலாரிஸ் என்ற குழல்பூச் செடிகளில் பல இனங்கள் ஒரே சரிவில் ஒரே தேனீயை நம்பிப் பூக்கின்றன. ஆனால் பூவின் வளைவு ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால், ஒன்றின் மகரந்தம் தேனீயின் முதுகிலும் இன்னொன்றினுடையது வயிற்றிலுமாக ஒட்டுகிறது. மகரந்தம் அதிகம் கலந்து வீணாகாததால் அண்டை வீட்டாராக வாழ முடிகிறது.

அழித்த படங்களில் ஒன்றிரண்டாவது கைபேசியின் குப்பைத்தொட்டியில் மிஞ்சியிருந்தால் அனுப்பி வையுங்கள். எந்தப் பூவில் எந்த ஈ உட்கார்ந்திருந்தது என்று நான் பார்க்க வேண்டும்.