பழைய பிக்கப், மலைநாட்டுக் குளிர், வராத ஸ்பார்க்: கேட்டவர்களுக்குப் பதில்

பழைய பெற்றோல் பிக்கப்பில் இக்னிஷன் (ஸ்பார்க் கொடுக்கும் பகுதி) தொல்லை இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள், ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கேட்டவர்களில் பலர் பிளக், கொயில் (பெட்டரி வோல்ட்டை ஸ்பார்க்குக்கு உயர்த்துவது), கண்டென்சர் எல்லாவற்றையும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாங்கி மாற்றிய பிறகுதான் கேட்கிறீர்கள். வண்டி நிற்கிற அந்த நேரத்தில் பிளக்குக்கு ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தவர்கள் குறைவு. காசை எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

கந்தப்பளை: அண்ணே, சன்னி பிக்கப், ஏ12 எஞ்சின். விடிய நாலு மணிக்கு மரக்கறி ஏற்றப் போனா ஸ்டார்ட் ஆகாது. வெயில் வந்ததும் ஒரே சுத்துல பிடிக்குது. பெட்டரி புதுசு.

வெயிலுக்குச் சரியாகிறது என்றால் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான் தம்பி. உங்கள் பக்கத்துப் பனி, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் போய் உட்கார்ந்துவிடும். இருட்டோடு இருட்டாக பொனட்டைத் திறந்து, லைட்டை அணைத்துவிட்டு, ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். பிளக் வயரிலோ மூடியிலோ நீலமாக ஏதாவது ஊர்ந்தால் கரண்ட் அங்கே வெளியே ஓடுகிறது. கையை மட்டும் வைத்துவிடாதீர்கள், இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகிற இடம் அது.

மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடியிருந்தால், துடைத்தாலும் சுரண்டினாலும் சில நாள்தான் தாங்கும், மூடியை மாற்றத்தான் வேண்டும். கோடு இல்லையென்றால் காய்ந்த துணியால் துடைத்து, வயர்களின் ரப்பர் தொப்பியில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் பொழுதுபட்ட பிறகு எஞ்சினை ஓடவிட்டு லேசாகத் தண்ணீர் தெளித்தால் ஒளிந்திருக்கும் கசிவும் தெரியும். மருந்தடிக்கும் டாங்கியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், சலூனில் தெளிக்கும் போத்தல் போதும். வயர்களைக் கழற்றினால் திரும்பப் போடும் வரிசை 1-3-4-2.

ஹட்டன்: சாவியைத் திருகிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் ஓடுகிறது, கையை விட்டதும் நின்றுவிடுகிறது.

பெரும்பாலும் கொயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பலாஸ்ட் ரெசிஸ்டர். ஸ்டார்ட் பண்ணும்போது கொயிலுக்கு பெட்டரி கரண்ட் நேராகப் போகும், சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாகப் போகும், அது அறுந்திருந்தால் எஞ்சின் நிற்கும். மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை ஓம் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால் சாவி சுவிச்சைப் பாருங்கள். ரெசிஸ்டரை விட்டுவிட்டு நேராக வயர் இழுத்துத் தருகிறேன் என்று சில கராஜில் சொல்வார்கள், வீடு வந்து சேர அது சரி, அப்படியே ஓட்டினால் கொயில் சுட்டுப் போகும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் பொயின்ட்டும் கருகும்.

புசல்லாவை: லோடோடு இறம்பொடை ஏறும்போது பாதி வழியில் நின்றுவிடும். அரை மணி ஆறப்போட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். கராஜுக்குக் கொண்டுபோனால் பாஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்கிறார்.

பாஸைக் குறை சொல்ல முடியாது, ஆறிய வண்டியில் அவருக்கு எதுவும் தெரியாது. சோதனையை ரோட்டோரத்தில் நீங்கள்தான் செய்ய வேண்டும். ஒரு பழைய பிளக்கும் தடித்த ரப்பர் கையுறையும் வண்டியில் வைத்திருங்கள். நின்ற உடனே, ஆறுவதற்கு முன், ஒரு பிளக் வயரைக் கழற்றி அந்தப் பழைய பிளக்கில் மாட்டி, பிளக்கின் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பெற்றோல் கசிவோ கடும் வாடையோ இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

'டிக் டிக்' என்று நீலமாக அடித்தால் இக்னிஷனை விட்டுவிடுங்கள். எயார் கிளீனரைத் திறந்து, எஞ்சின் சுற்றாமல், அக்சிலரேட்டரைக் கையால் இழுத்து கார்பரேட்டர் வாயைப் பாருங்கள். பெற்றோல் பீச்சவில்லை என்றால் சூட்டில் லைனுக்குள் ஆவி கட்டியிருக்கும். பெற்றோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டு சில நிமிடத்தில் பிடித்தால் அதேதான். ஏற்றத்தில் நிற்கிற வண்டிகளில் பலவற்றுக்குக் கொயிலைக் குறை சொல்லி மாற்றியிருப்பார்கள், கோளாறு இங்கே இருக்கும்.

ஸ்பார்க் இல்லை, அல்லது மஞ்சளாக நோஞ்சானாக வருகிறது என்றால் கொயில், பொயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர் இரண்டில் ஒன்று. கொயில் சுடுவது இயல்பு, கை வைக்கவே முடியவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஆறிய கொயில் மீட்டரில் சரியான ஓம் காட்டிவிட்டு சூட்டில் உள்ளே அறுந்துகொள்ளும், அதனால் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். இன்னொன்று, பலாஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய ஒன்றரை ஓம் கொயிலை ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ரெசிஸ்டர் இல்லாவிட்டால் கொயில் மூன்று ஓம் பக்கம் இருக்க வேண்டும். கைமாறி வந்த வண்டிகளில் இந்தக் குளறுபடி சகஜம்.

நுவரெலியா: புது பிளக் போட்டாலும் சீக்கிரமே கறுத்துவிடுகிறது. ஸ்பார்க் பலவீனமா?

கறுப்பு, காய்ந்த புகைக்கரியா, எண்ணெய்ப் பிசுக்கா? பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வ் சீல், அது வேறு கதை. புகைக்கரி என்றால் நீங்கள் இருக்கிற இடத்தை முதலில் நினையுங்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீட்டர், காற்றின் அடர்த்தி கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. கீழே டியூன் பண்ணிய கார்பரேட்டர் இங்கே பெற்றோலை அதிகமாகவே விடும். சோக் முழுதாகத் திறக்கிறதா, எயார் கிளீனர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கார்பரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டுக்குப் போங்கள். சூடான வகை பிளக் போட்டு மறைக்கலாம் (என்.ஜி.கே.யில் எண் குறையக் குறைய சூடு கூடும்), ஆனால் அதே வண்டியை லோடோடு கொழும்புக்கு இறக்கினால் தட்டல் கேட்கும்.

ராகலை: சும்மா நிற்கும்போது அருமையாக ஓடுது, மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்குது அண்ணே.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பொயின்ட் உட்காரும் தட்டிலிருந்து ஒரு சின்ன எர்த் வயரும், பொயின்ட்டுக்கு வரும் வயரும் இருக்கும். வருஷக்கணக்கில் தட்டு அசைந்து அசைந்து தோலுக்குள்ளேயே வயர் அறுந்துவிடும், வெளியே பார்த்தால் நல்லதாகவே தெரியும். எஞ்சின் ஓடும்போது கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வெக்கியூம் குழாயைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள அட்வான்ஸ் (ஸ்பார்க் நேரத்தை முன்னே தள்ளுவது) பக்கத்து முனையை வாயால் உறிஞ்சுங்கள். எஞ்சின் தடுமாறினால் வயர். உறிஞ்சினாலும் காற்று நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது.

இரண்டும் இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பொயின்ட் இடைவெளியை 0.45 முதல் 0.55 மில்லிமீட்டருக்குள் வைத்தாலும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொன்றாகக் காட்டும், ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் மாற்றாமல் ஸ்பார்க் அடிக்கும் டைமிங் நிலைக்காது. பொயின்ட் இடைவெளியைத் தொட்டால் டைமிங்கும் மாறும், முதலில் இடைவெளி, பிறகு டைமிங்.

பண்டாரவளை: அப்பாவோட வண்டி. ஸ்டார்ட்டர் சுத்தும், பிடிக்காது. ஆனா தள்ளினா உடனே பிடிக்கும். அதனால எப்பவும் இறக்கத்திலேயே நிறுத்துறார்.

தங்கச்சி, அப்பாவைப் போல் ஊரே இறக்கத்தில்தான் நிறுத்துகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பெட்டரியில் வோல்ட்டைப் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பெட்டரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மேல் இழுக்கிறது. பெட்டரியில் நன்றாக இருந்து கொயிலின் பிளஸ் முனையில் குறைந்தால், ஸ்டார்ட் நேரத்தில் கொயிலுக்கு நேராகப் போக வேண்டிய வயர் இல்லை. ஸ்டார்ட்டர் மாற்றியபோது அதை மாட்டாமல் விட்டிருப்பார்கள். எஞ்சினுக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையில் உள்ள எர்த் பட்டியையும் சுரண்டி இறுக்குங்கள். அப்புறம், எஞ்சின் ஓடாதபோது பிரேக் பூஸ்டர் உதவாது, மிதி கல்லாக இருக்கும். அந்த இறக்கத்தில் உருட்டுவதை அப்பா நிறுத்தினால் நல்லது.

ஹப்புத்தளை: டீசல் ஹைலக்ஸ், காலையில் பிடிக்க நேரமாகிறது. கொயில் மாற்றவா?

டீசலுக்கு ஸ்பார்க்கும் இல்லை, கொயிலும் இல்லை. ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்.

வெலிமடை: பொயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரோனிக் போடலாமா?

ஷாஃப்ட்டில் ஆட்டம் அதிகம் இல்லையென்றால் போடலாம், காலையில் பிடிப்பது நன்றாக இருக்கும். ஆனால் பொயின்ட்டை மண் பேப்பரால் தேய்த்து எந்தத் தோட்டத்து ரோட்டிலும் வண்டியைக் கிளப்பலாம், மொட்யூல் செத்தால் கட்டி இழுக்கத்தான் வேண்டும். கழற்றிய தட்டு, பொயின்ட், கண்டென்சர் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள்.