முகாமுக்குப் பெயர் கொடுங்கள் தம்பி

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது, அதோடு நாட்டு நலப்பணித் திட்ட (மாணவர் சேவைத் திட்டமான NSS) முகாமுக்குப் போனால் படிப்பு கெடும் என்று அப்பா தடுக்கிறார் என எழுதியிருந்தீர்கள். தயங்காமல் பெயர் கொடுங்கள்.

நானும் பேசவே தயங்கியவன். ஏழு நாள் முகாமில் வீடு வீடாகக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. முதல் வீட்டில் குரலே எழவில்லை. அந்த வீட்டுப் பாட்டிதான் தண்ணீர் கொடுத்து, திண்ணையில் உட்கார வைத்துப் பேச்சைத் தொடங்கினார். நாலாம் நாள், ஒருவருடைய ரேஷன் அட்டைச் சிக்கலை நானே விசாரித்து மனு எழுதிக் கொடுத்தேன். கேட்க வேண்டிய கேள்விகள் கையில் தாளாக இருந்தன, அதனால் பயம் குறைந்தது. நீங்களும் அந்தக் கணக்கெடுப்பு வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், அப்பாவிடம் கணக்கைச் சொல்லுங்கள்: இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, ஒரு முகாம். முடித்தால் சான்றிதழ் உண்டு.