மடியில் கட்டி, புலிக்கு வயது 16

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரன். ஒரு மிருகக்காட்சிசாலையில் புலிக்குக் கீப்பர். 16 வயதுப் பெண்புலிக்குப் பின்மடியில், காம்பை ஒட்டி எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. தீனியும் குறைந்துவிட்டது. மயக்க ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வயதான உயிர், எழுந்திருக்காமல் போய்விடுமோ என்று பயம். ரத்தத்தை வைத்தே புற்றுநோயா என்று சொல்ல முடியாதா சார்?

பதில்: முடியாது. ஆனாலும் ரத்தம் எடுக்கத்தான் வேண்டும், வேறு காரணத்துக்காக. கிழட்டுப் புலிகளுக்குச் சிறுநீரகம் கெடுவது சகஜம். தீனி குறைந்ததே அதனால் இருக்கலாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் டாக்டர் துணிந்து மயக்கம் கொடுப்பார். ஸ்க்வீஸ் கூண்டில் (பக்கச்சுவரை நகர்த்தி விலங்கை அசையாமல் நிறுத்தும் கூண்டு) நிற்கப் பழகிய புலி என்றால் வால் ரத்தக்குழாயிலேயே, மயக்கமில்லாமல் எடுத்துவிடலாம். இது டாக்டரைவிட உங்கள் கையில் இருக்கிறது. முன்னால் ஒருவர் கறித்துண்டு நீட்ட, பின்னால் நீங்கள் கம்பி வழியாக வாலைத் தொட்டுப் பழக்க வேண்டும்.

சரி, கட்டிக்கு வருவோம். வீட்டுப் பூனையின் மடிக்கட்டிகளில் 80 சதவீதத்துக்கு மேல் புற்றுதான். பெரும்பூனைகளிலும் அது பெரும்பாலும் வேகமாகப் பரவும் ரகம். கருத்தடைக்காக ஹார்மோன் வைத்த புலிகளுக்கு ஆபத்து கூடுதல். பழைய பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஆனால் சீழ்க்கட்டியும் வெளியே இப்படித்தான் தெரியும். மெல்லிய ஊசியில் உறிஞ்சிப் பார்த்துச் சீழ் வந்தால் பாதிக் கவலை விட்டது. ஒன்றும் சிக்காவிட்டால் புற்று இல்லை என்று அர்த்தமில்லை. சதைத்துண்டுதான் தீர்ப்புச் சொல்லும்.

ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். கத்தி வைக்கும் முன் நெஞ்சு எக்ஸ்ரே. நுரையீரலில் ஏற்கெனவே பரவியிருந்தால் மடியை அறுத்துப் புண்ணாக்குவதில் பயனில்லை, வலிக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்வதே நல்லது. அப்புறம் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா, வயிற்று ஸ்கேன், கடைசியாகக் கோரைப்பல். பல் உடைந்து வலித்தாலும் புலி தின்னாது.

எடுத்த சதையைப் பாழாக்குவதுதான் எனக்குத் தாங்காத விஷயம். ஒருமுறை ஒரு சிறுத்தையின் கட்டியை முழுசாக, வாய் குறுகிய பாட்டிலில் திணித்து அனுப்பிவிட்டோம். லேப்பில் வெட்டிப் பார்த்தால் நடுவெல்லாம் அழுகல். அது என்ன கட்டி என்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத துண்டு, அதைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் (சதை அழுகாமல் காக்கும் திரவம்), அகல வாய் டப்பா. ஃப்ரீசர் கூடவே கூடாது. சோதனைக்கு அனுப்ப, உங்களுக்குத் திருச்சூர் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரி பக்கம்தான்.

மயக்கத்தில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாராந்தரப் பட்டினி நாளுக்கு மறுநாள் விடியற்காலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாலக்காட்டு வெயில் ஏறிவிட்டால், மயங்கிக் கிடக்கும் புலியின் உடம்புச் சூட்டை இறக்குவது பெரும்பாடு. அதுவரை தினமும் போட்ட கறி எத்தனை கிலோ, மிச்சம் எத்தனை கிலோ என்று எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.