பயம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

"வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவன், வகுப்பில் எழுந்து நின்றால் நா எழாமல் நின்றுவிடுகிறான்" என்று எழுதியிருந்தீர்கள். மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது, வளாக நேர்காணல் நெருங்குகிறது. போன வாரம் செமினாரில் இரண்டாவது ஸ்லைடைத் தாண்ட முடியாமல் இறங்கி வந்துவிட்டான், அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றும் சொல்லியிருந்தீர்கள். கடைசியாக நீங்கள் கேட்ட கேள்விதான் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது: "பேச்சே தேவைப்படாத வேலையாகப் பார்த்து அனுப்பிவிடலாமா?"

வேண்டாம் அம்மா. முதல் காரணம், அப்படி ஒரு வேலை கிடையாது. மென்பொருள் எழுதுகிறவர் தினமும் காலையில் குழுவினர் முன்னால் நேற்று என்ன செய்தேன், எங்கே சிக்கியிருக்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் தன் முடிவுகளை மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். கணக்குப் பார்ப்பவர், எண்களே பிடிக்காத மேலாளருக்கு அந்த எண்கள் சொல்லும் சேதியைப் புரியவைக்க வேண்டும். இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ஒரு செமினாரில் பட்ட அவமானத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு இருபது வயதில் ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் பாதையைக் குறுக்கிவிடக் கூடாது. அவன் மேடையில் முழங்கும் பேச்சாளன் ஆக வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் எழுந்து நின்று, தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லிவிட்டு உட்காரத் தெரிந்தால் போதும். அதைக் கற்றுக்கொள்ளலாம். பிறவிக் கூச்சம் உள்ளவர்கள் கற்றுக்கொள்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தில் "பயம் தெளிந்த பிறகு பேசப் பழகட்டும்" என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பயம் தெளிந்த பிறகு பேச்சு வருவதில்லை. பயத்தோடு பேசிப் பேசித்தான் பயம் அடங்குகிறது. நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்குவேன் என்றால் நடக்குமா?

சபை நடுவே நிற்கும்போது உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது. தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் கை சில்லிடுகிறது. உமிழ்நீர் குறைவதால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மூச்சு மேலோடு மேலாக ஓடுவதால் குரல் நடுங்குகிறது. இவ்வளவும் எல்லோருக்கும் வருவதுதான். 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வ சமயப் பேரவையில் விவேகானந்தர் காலையில் பேசத் துணியாமல் தன் முறையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய், பிற்பகலில்தான் எழுந்தார். நெஞ்சு படபடத்தது, நாக்கு ஏறக்குறைய வறண்டுவிட்டது என்று அவரே பிறகு தன் சென்னைச் சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். "சகோதரிகளே, சகோதரர்களே" என்று அவர் தொடங்கியதும் எழுந்த கைதட்டலை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த வறண்ட நாக்கோடுதான் அவர் தொடங்கினார் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

இனி வருவது தம்பிக்கு. கடிதத்தை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

தம்பி, முதலில் உனக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம். அன்றைக்கு உன் கை நடுங்கியது வகுப்பு முழுக்கத் தெரிந்தது என்றுதானே நினைக்கிறாய்? நமக்குள் நடப்பது வெளியே அப்படியே தெரிகிறது என்று எல்லோரும் மிகையாக நினைத்துக்கொள்கிறோம். கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளர்கள் 2003-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பேசப்போகிற மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கேட்பவர்களுக்குத் தெரியாது" என்று முன்கூட்டியே விளக்கினார்கள். அந்த மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். பதற்றத்தை மறைக்க வேண்டுமே என்ற கவலை போனதும், சொல்ல வந்ததில் மனம் நின்றிருக்கிறது. உன் நெஞ்சு அடிக்கும் சத்தம் உனக்கு மட்டும்தான் கேட்கிறது.

இன்னொன்று. பேசப் போகும் முன் "பதறாதே, பதறாதே" என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ளாதே. வேகமாக அடிக்கும் இதயத்தைச் சொல்லால் நிறுத்த முடியாது. "உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார். அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு பேசியவர்களைவிட இப்படிச் சொல்லிக்கொண்டு பேசியவர்களின் பேச்சு மேலாக மதிப்பிடப்பட்டது. பயத்துக்கும் உற்சாகத்துக்கும் உடம்பில் கிட்டத்தட்ட ஒரே படபடப்புதான். அதற்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. கூடவே, உள்ளே இழுக்கும் மூச்சைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கும்படி ஐந்தாறு முறை மூச்சு விடு. குரல் நிலைக்கு வரும்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். நமக்குச் சின்ன வயதிலிருந்தே ஒப்பிக்கத்தான் சொல்லித் தந்திருக்கிறார்கள், பேசச் சொல்லித் தரவில்லை. போட்டி என்றால் பெரியவர் ஒருவர் எழுதித் தருவார், பிள்ளை மனப்பாடம் செய்யும், கை எந்த இடத்தில் உயர வேண்டும் என்பது உட்பட. பரிசும் கிடைக்கும். ஆனால் பேச்சு அந்தப் பிள்ளையுடையது இல்லை. ஒரு சொல் நழுவினால் மொத்தமும் போய்விடும், ஏனென்றால் மனப்பாடத்தில் ஒவ்வொரு சொல்லும் அதற்கு முந்தைய சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

ஒரு மாணவி என்னிடம் வந்திருந்தாள். 'மாணவர்களுக்குத் தூக்கம் ஏன் முக்கியம்' என்பது தலைப்பு. நான்கு பக்கம் மனப்பாடம். நிமிர்ந்து நின்று "மாண்புமிகு அவைத் தலைவர் அவர்களே" என்று கணீரென்று தொடங்கினாள். மூன்றாவது பத்தியில் "ஆகையினால்" என்ற இடத்தில் நின்றது. கண் மேலே போனது. உதடு மட்டும் சத்தமில்லாமல் முதலிலிருந்து ஓடிப் பார்த்தது. கையில் இருந்த தாள் சடசடவென்று ஆடியது. நான் தாளை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். "அதை விடு. இதையெல்லாம் படிச்சப்ப உனக்கே ஆச்சரியமா இருந்தது எது?" என்று கேட்டேன். சட்டென்று முகம் மாறியது. "படிச்சதை மூளை தூங்கும்போதுதான் பத்திரப்படுத்தி வைக்குதாம் சார்! நான் ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின ராத்திரி முழிச்சிருந்துதான் படிப்பேன். படிச்சதை நானே தொலைச்சிருக்கேன்!" என்றாள். இரண்டு கையும் தாமாக எழுந்தன, குரலில் ஏற்ற இறக்கம் வந்தது. "உன் பேச்சு இங்கேதான் தொடங்குது" என்றேன். நான்கு பக்கத்தில் அந்த வரி மூன்றாம் பக்கத்தில் எங்கோ புதைந்து கிடந்தது.

ஆகவே தம்பி, அடுத்த முறை பேச்சைத் தயாரிக்கும்போது ஸ்லைடைத் திறக்காதே. "நான் பேசி முடித்ததும் இவர்கள் மனதில் எது நிற்க வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு வாக்கியத்தில் பதில் எழுது. அந்த வாக்கியம் வரவில்லை என்றால் விஷயம் உனக்கே இன்னும் தெளியவில்லை, மேலும் படிக்க வேண்டும். பலருக்கு மேடையில் வரும் தடுமாற்றம் உண்மையில் தயாரிப்பில் விட்டுப்போன ஓட்டைதான். அந்த வாக்கியத்தை நிலைநிறுத்த மூன்று விஷயம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் அல்லது ஓர் எண். ஒரு சின்ன அட்டையில் இந்த மூன்றையும் ஒன்றிரண்டு சொற்களாகக் குறித்துக்கொள். முழு வாக்கியமாக எழுதினால் மறுபடி ஒப்பிக்கத் தொடங்கிவிடுவாய். அட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு, தாள் ஆடுவது போல அது ஆடாது.

மனப்பாடம் செய்ய வேண்டியவை இரண்டே. முதல் இரண்டு வாக்கியங்கள், கடைசி வாக்கியம். பதற்றம் உச்சத்தில் இருப்பது தொடங்கும் முதல் நிமிடத்தில்தான், அதன் பிறகு உடம்பு தானாகவே தணிகிறது. அந்த ஒரு நிமிடத்தை யோசிக்காமல் கடக்க உனக்கு ஒரு கைப்பிடி வேண்டும். கடைசி வாக்கியம் இல்லாதவர்கள் "அவ்வளவுதான்… வேறு ஒன்றுமில்லை… நன்றி" என்று தேய்ந்து முடிப்பார்கள். நல்ல பேச்சுகூட அதனால் கெட்டுப்போகும்.

பிறகு, வாய்விட்டுப் பேசிப் பழகு. மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சியில் சேராது. மனதுக்குள் யாருக்கும் திக்குவதில்லை. நின்றுகொண்டு, முழுக் குரலில், கைப்பேசியில் பதிவுசெய்து, குறைந்தது ஐந்து முறை பேசு. ஒவ்வொரு முறையும் சொற்கள் கொஞ்சம் மாறி வரும், வரட்டும். மாறி வந்தால்தான் விஷயம் உன்னுடையதாகிவிட்டது என்று பொருள். பதிவை முதலில் கேட்கும்போது உன் குரல் உனக்கே அந்நியமாகப் படும். நாம் நம் குரலை மண்டையோட்டின் எலும்பு வழியாகவும் சேர்த்துக் கேட்டுப் பழகியவர்கள், அதனால் வரும் வித்தியாசம் அது. குரலில் குறை ஒன்றும் இல்லை. "வந்து", "அதாவது", "பேசிக்கலி" என்று எத்தனை முறை சொல்கிறாய் என்று மட்டும் எண்ணு. அந்த இடங்களில் வாயை மூடிச் சும்மா இரு. இரண்டு விநாடி மௌனம் உனக்கு யுகமாகத் தெரியும். கேட்பவருக்கு அது நிதானம்.

பார்வையைப் பற்றி: ஒருவரைப் பார்த்து ஒரு கருத்தைச் சொல்லி முடி, பிறகு இன்னொருவர். சுவரையும் தலைக்கு மேலேயும் பார்க்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. முகங்களைப் பார்க்காமல் பேசினால் புரிகிறதா இல்லையா என்பதே தெரியாது. ஏதாவது ஒரு வகுப்பில் "பேச்சில் சொற்களின் பங்கு 7 சதவீதம், மற்றதெல்லாம் குரலும் உடல்மொழியும்" என்று சொல்லித் தருவார்கள். நம்பாதே. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் செய்த சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. விருப்பு வெறுப்பைக் காட்டும் சொல்லும் தொனியும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது கேட்பவர் எதை நம்புகிறார் என்பதற்கு மட்டுமே பொருந்தும், எல்லாப் பேச்சுக்கும் பொருந்தாது என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். உன் சொற்களில் சரக்கு இருக்க வேண்டும்.

நடுவில் மறந்துவிட்டால்? மறக்கும். அட்டையைப் பார், கடைசியாகச் சொன்னதை ஒரு முறை வேறு சொற்களில் சொல், அடுத்ததற்குப் போ. மன்னிப்புக் கேட்டு நிற்காதே. நீ எதை விட்டாய் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும்.

வளாக நேர்காணலில் வரும் குழு விவாதத்துக்கும் இதே அடிப்படைதான். முதலில் பேச வேண்டும் என்ற கட்டாயமில்லை. பிறர் சொன்னதைக் கவனித்து, "அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்" என்று இரண்டு முறை உருப்படியாகப் பேசினால், பத்து முறை கத்தியவரைவிட நீ நினைவில் நிற்பாய்.

அம்மா, இனி உங்களுக்கு. காந்தி வழக்கறிஞராக முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி, ஒரு கேள்வியும் கேட்க வராமல் உட்கார்ந்துவிட்டவர். பேசக் கூசிய அந்த சுபாவமே தனக்குச் சொல்லைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுத் தந்தது என்று பின்னாளில் எழுதினார். உங்கள் பையனின் அமைதியைக் குறையாகப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் "ஏதாவது பேசு" என்று தள்ளிவிடாதீர்கள். அவன் பேசிப் பழகும்போது நடுவில் திருத்த வேண்டாம். முடித்த பிறகு, "எனக்குப் புரிந்தது இது" என்று அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதும் அவன் எழுதிவைத்த அந்த ஒரு வாக்கியமும் ஒத்துப்போனால் பேச்சு சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவனுக்கு அதைவிட நல்ல மதிப்பெண் வேண்டாம்.

பயிற்சி வகுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆசிரியர் பேச, மாணவர் குறிப்பெடுக்கும் வகுப்பானால் பணம் வீண். ஒவ்வொருவரும் வாரந்தோறும் எழுந்து பேசி, உடனே கருத்துக் கேட்கும் இடமாகப் பாருங்கள். 1924-இல் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் அந்த முறையில்தான் நடக்கின்றன: தயாரித்த பேச்சு பொதுவாக 5 முதல் 7 நிமிடம், திடீர்த் தலைப்பில் ஓரிரு நிமிடம், "ஆ… ம்…" எண்ணுவதற்கென்றே ஒருவர். மன்றம் கிடைக்காவிட்டால் நான்கு நண்பர்கள் சேர்ந்து இதையே செய்யலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பேசும்போது எழுத்துகள் திக்குவது வீட்டில், பழகியவர்களிடமும் தொடர்ந்தால் பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள். பேச வேண்டிய நாளில் வாந்தி, மூச்சுத் திணறல், வகுப்புக்கே போகாமல் இருப்பது என்று போனால் மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் தயங்காதீர்கள். அது கூச்சத்தைத் தாண்டிய விஷயம், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

வரும் வாரம் அவனை என்னிடம் அனுப்பி வையுங்கள். புதிதாக எதையும் தயாரிக்க வேண்டாம். அன்றைய செமினார் கோப்பையே கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டாவது ஸ்லைடிலிருந்து தொடங்குவோம்.