மரத்துக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் டின்னிலேயே கெட்டியாகிவிடுகிறது. அதைக் கெடாமல் வைப்பது எப்படி?

பாதி டின் செலவான பிறகு மீதி எண்ணெயின் மேல் தடித்த ஆடை படிந்துவிட்டது என்றும், கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரோ என்று ஐயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவரைக் குறைசொல்லும் முன், அந்த டின் உங்கள் வீட்டில் எங்கே இருந்தது, அதன் மூடி எப்படி மூடப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். மொட்டைமாடி அறையில் வைத்திருப்பீர்கள். ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறந்த மூடியைக் கையால் அழுத்தி மூடியிருப்பீர்கள். நான் அதைத்தான் செய்தேன், அதற்கு உரிய விலையையும் கொடுத்தேன்.

பள்ளத்தூரில் உள்ள எங்கள் வீடு பங்காளிகள் ஐந்து குடும்பத்துக்கும் பொது. முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் எண்ணெய் பூசும் பொறுப்பு, ஊரோடு இருப்பவள் என்பதால் என்னிடம் வந்தது. ஒரு மணிவிழாவை முன்னிட்டுப் பங்குனியில் 5 லிட்டர் டின் ஒன்று வாங்கினோம். 3 லிட்டர் செலவாயிற்று. மீதியை மாடி அறையில் வைத்துவிட்டேன். சித்திரை, வைகாசி வெயில் முழுவதும் அந்த அறையில் இறங்கியது; இடையிடையே கட்டில் கால், ஊஞ்சல் பலகை என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க ஐந்தாறு முறை டின்னைத் திறந்தோம்.

தை மாதம் திறந்தபோது பாலாடை போன்ற தோல் ஒன்று படிந்திருந்தது. குச்சியால் அதை ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த எண்ணெயை இரண்டாங்கட்டுக் கதவுக்குப் பூசச் சொன்னேன். நான்கு நாளாகியும் கதவு காயவில்லை. விருந்துக்கு வந்த நாத்தனார் மகளின் பட்டுப்புடவை முந்தானை நிலையில் ஒட்டிக்கொண்டு, இழுத்தபோது சரிகை பிரிந்து வந்துவிட்டது. வழக்கமாக எங்கள் வீட்டுக்கு வேலை செய்யும் ஆசாரியார் வந்து, டின்னில் இரண்டு விரலைத் தொட்டு மெதுவாகப் பிரித்துக் காட்டினார். விரல்களுக்கு நடுவே அதிரசப் பாகு போல ஒரு கம்பி நின்றது. "இந்தப் பதம் வந்துவிட்டால் கதவுக்கு ஆகாது ஆச்சி, இது மரத்துக்குள் இறங்காது, மேலேயே உட்கார்ந்துவிடும்" என்றார். டர்பன்டைன் தொட்டுச் சாக்குத் துணியால் தேய்த்து அதை எடுக்க நான்கு நாள் கூலி ஆயிற்று. பெரிய டின் வாங்கினால் லிட்டருக்கு விலை குறையும் என்று வற்புறுத்திய பங்காளி அந்தக் கூலியில் தம் பங்கைத் தரவில்லை; அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

லின்சீட் என்பது ஆளிவிதை எண்ணெய். அது தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்ளிழுத்துத் தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகிறது. அதனால் காயும்போது அதன் எடை கூடவே செய்கிறது. தேங்காய் எண்ணெய் எத்தனை மாதம் திறந்திருந்தாலும் இப்படித் தோல் கட்டாது. அந்தக் குணம் அதற்கு இல்லை. மரத்தின் மேல் நாம் விரும்பும் அதே செயல் டின்னுக்குள் நடப்பதைத்தான் கெட்டுப்போவது என்கிறோம். கடையில் 'டபுள் பாயில்டு' என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளைச் சேர்ப்பார்கள். ஆகவே அது பச்சை எண்ணெயைவிட விரைவாகக் கட்டும். மரத்துக்குப் பூசும் துங் எண்ணெயும் இப்படிக் காற்றில் இறுகும் இனத்தைச் சேர்ந்ததே.

ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் கால் கிராமுக்குச் சற்றே கூடுதல். அந்த அளவு, மேலே மெல்லிய ஆடை படியப் போதும். இரண்டு லிட்டர் எண்ணெயைப் பாகாக்கப் போதாது. ஆகையால் என் டின்னைக் கெடுத்தது உள்ளே அடைபட்ட காற்று மட்டும் அன்று. ஒவ்வொரு முறை திறந்தபோதும் புகுந்த புதுக் காற்றும், நெம்பி வளைந்த மூடியின் விளிம்பு வழியாக மாதக்கணக்கில் கசிந்த காற்றும்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

இப்போது டின் வாங்கிய அன்றைக்கே முழுவதையும் கால் லிட்டர், அரை லிட்டர் கண்ணாடிச் சீசாக்களில் கழுத்துவரை ஊற்றிவிடுகிறேன். சீசாவின் வாயையும் மரையையும் துடைத்த பிறகே மூடியைத் திருக வேண்டும். அங்கே ஒரு சொட்டு நின்றாலும் அது காய்ந்து மூடியைச் சரியாக இறுகவிடாது. பாதி செலவான சீசாவில் கழுவிக் காயவைத்த கோலிக்குண்டுகளைப் போட்டு எண்ணெயைக் கழுத்துவரை உயர்த்துகிறேன். இது சிறுபிள்ளை விளையாட்டு, பிளாஸ்டிக் பாட்டிலைப் பிதுக்கிக் காற்றை வெளியேற்றினால் போதும் என்பவர்கள் உண்டு. சில வாரங்களுக்கு அது சரிதான். ஆனால் சாதாரண பாலித்தீன் பாட்டிலின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் மெல்லப் புகும் என்பதால், ஆண்டுக்கொரு முறை பூசும் எங்களைப் போன்றவர்களுக்குக் கண்ணாடியே ஏற்றது. உள்ளே மெழுகுவத்தி கொளுத்தி ஆக்சிஜனை எரித்துவிடலாம் என்று சிலர் சொல்வதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆக்சிஜன் முழுவதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும், எண்ணெய்க்கு அருகே நெருப்பு வைத்த ஆபத்துதான் மிஞ்சும்.

சீசாக்களின் மேல் தேதி எழுதி, தடித்த சுவருடைய கீழ் அறையில், வெளிச்சம் படாத அடித்தட்டில் வைக்கிறேன். சமையல் எண்ணெய் இருக்கும் பக்கமே அவற்றைக் கொண்டுபோவதில்லை. உலோக உப்பு கலந்த எண்ணெய் உணவில் சேரக் கூடாது.

உங்கள் டின்னில் மேலே ஆடையும் அடியில் நீர்த்த எண்ணெயும் இருந்தால், ஆடையை ஓரமாக வெட்டியெடுத்து, மீதியை மல்துணியில் வடிகட்டுங்கள். ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தடவிப் பாருங்கள். டபுள் பாயில்டாக இருந்தால் இரண்டு நாளில் ஒட்டாமல் காய வேண்டும். விரலில் கம்பி நின்றால் டர்பன்டைன் கலந்து சரிசெய்ய முயலாதீர்கள். கலந்தால் ஓடும் என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் பழைய தேக்குக் கதவில் அதைச் சோதிக்க என் மனம் ஒப்பாது.

வடிகட்டிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்தக் கதவைத் தேய்த்த நாளில் எண்ணெய்த் துணிகளை ஒரு வாளியில் குவித்து வைத்திருந்தோம். மாலையில் அள்ளப் போனபோது, நடுவில் இருந்த துணி அப்போதுதான் கொப்பரையிலிருந்து எடுத்த இட்லித் துணி போலக் கையைச் சுட்டது. ஆக்சிஜனை இழுக்கும்போது எழும் வெப்பம் குவியலுக்குள் அடைபட்டால் தானாகவே தீப்பற்றும். வேலை முடிந்த உடனே ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக வெளியே விரித்துப் போட்டு, விறைத்துக் காய்ந்த பிறகு அப்புறப்படுத்துங்கள். அதற்கு இடமில்லை என்றால் மூடியுள்ள இரும்பு வாளியில் தண்ணீருக்குள் அமிழ்த்தி வையுங்கள்.