கரணமும் வாலிபாலும்

வணக்கம் சார்,

கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். வாலிபால் அணியைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வருஷம் இரண்டு பிள்ளைகளுக்கு வலைக்குப் பக்கத்தில் குதித்து இறங்கும்போது கணுக்கால் பிசகிவிட்டது. அதில் ஒரு பெண்ணுக்கு இது இரண்டாவது முறை. நன்றாக ஸ்பைக் (வலைக்கு மேலே எழும்பி ஓங்கி அடிப்பது) அடிக்கும் பிள்ளைக்குத் தோள் சீக்கிரம் களைத்துவிடுகிறது. சர்வீஸில் பலருக்கு பந்தைத் தூக்கிப் போடுவதே ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்துக்குப் போகிறது.

பாண்டிச்சேரி கடற்கரையில் சர்ஃபிங் பழகும் பிள்ளைகள் மரங்களுக்கு நடுவே நாடாப் பட்டை கட்டி அதன்மேல் நடப்பதையும், உருளை மேல் பலகை வைத்து நிற்பதையும் பார்த்தேன். சர்க்கஸ் வித்தைகள் மற்ற விளையாட்டுக்கு உதவும் என்கிறார்களே, எங்கள் பிள்ளைகளுக்கும் உதவுமா? எதை வாங்கலாம், எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? எங்களுடையது கெட்டிச் செம்மண் மைதானம். மாலையில் ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கிறது. பேச்சை எடுத்ததுமே ஒரு அம்மா, "பொண்ணுங்கள கழைக்கூத்தாடி ஆக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு என்ன சொல்வது?

ஓர் உடற்கல்வி ஆசிரியர், கடலூர்

*

அன்புள்ள ஆசிரியருக்கு,

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். கணுக்கால், தோள், சர்வீஸுக்குத் தூக்கும் கை என்று மூன்று கோளாறுகளை நீங்களே எழுதிவிட்டீர்கள். சர்க்கஸில் நூறு வித்தை இருக்கட்டும், உங்களுக்கு வேண்டியது இந்த மூன்றைத் தொடுகிறவை மட்டும். உடம்பு பொதுவாகச் சுறுசுறுப்பாகும் என்று நம்பி எல்லாவற்றிலும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகள் சர்க்கஸில் கொஞ்சம் தேறுவார்கள், வாலிபாலில் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். ஒரு பயிற்சியின் பலன் இன்னொரு ஆட்டத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. அசைவு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் பலவீனமான மூட்டாவது ஒன்றாக இருக்க வேண்டும்.

வித்தைக்கு முன்னால் சர்க்கஸ்காரர்களிடம் எடுத்துக்கொள்ள ஒரு வழக்கம் இருக்கிறது. ஏறச் சொல்லித் தருவதற்கு முன்பு இறங்கச் சொல்லித் தருவார்கள். கடைசியில் எப்படி விழப்போகிறோம் என்று தெரியாத எதையும் ஆரம்பிக்க விடமாட்டார்கள். நம் மைதானங்களில் நேர்மாறு. குதிக்க, பாய, டைவ் அடிக்க எல்லாம் சொல்லித் தருகிறோம், விழுவதை மட்டும் பிள்ளையின் அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடுகிறோம். ஆகவே முதல் இரண்டு வாரம் இறங்குவதும் உருளுவதும் மட்டுமே நடக்கட்டும்.

இறங்குவதற்கு 30 செ.மீ. உயரமுள்ள பெஞ்சோ படிக்கட்டோ போதும். குதிக்க வேண்டாம், ஒரு காலை முன்னே எடுத்துவைத்து அப்படியே விழட்டும். இரண்டு காலும் ஒன்றாகத் தரை தொட வேண்டும். முன்பாதம் முதலில், அடுத்து குதிகால், கூடவே முட்டியும் இடுப்பும் மடங்க வேண்டும். அந்த நிலையிலேயே இரண்டு எண்ணும்வரை அசையாமல் நிற்கட்டும். நீங்கள் எதிரே நின்று முட்டியை மட்டும் பாருங்கள். முட்டிகள் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கினால் அதுதான் பெரிய தப்பு. வளரும் பெண்பிள்ளைகளிடம் இது அதிகம், முட்டியின் உள்ளே இருக்கும் குறுக்குத் தசைநார் அறுவது பெரும்பாலும் இந்த நிலையில்தான். "முட்டி கால்விரலுக்கு மேலே" என்று சொன்னால் புரியும். காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். 'தொப்' என்று சத்தம் வந்தால் முட்டி மடங்கவில்லை என்று அர்த்தம். இரண்டு காலில் சரியான பிறகு ஒரு காலில். அதற்குப் பிறகு, காற்றில் இருக்கும்போது பக்கத்தில் ஒருத்தி தோளை லேசாகத் தட்டிவிட, அதைச் சமாளித்து இறங்குவது. வலைக்கு அடியில் நடப்பது இதுதானே.

உருளுவதைச் செம்மண்ணில் ஆரம்பிக்க வேண்டாம். பள்ளியில் மெத்தை இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கே கூட்டிப்போகலாம். அலைக்குப் பக்கத்து ஈரமணல் கெட்டியாக இருக்கும், சற்று மேலே உள்ள உலர்மணல்தான் உருளத் தோது. முதலில் கையால் ஒருமுறை மணலைத் துழாவிவிடுங்கள், தூண்டில் முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கும்.

வலப்பக்கம் உருளும் முறையைச் சொல்கிறேன். மண்டியிட்டு, வலக்கையை வில்லாக வளைத்து, சுண்டுவிரல் பக்கத்தைத் தரையில் வைக்க வேண்டும். தாடையை இடது அக்குள் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். முன்கை, வலது தோளின் பின்பக்கம், அங்கிருந்து முதுகுக்குக் குறுக்காக இடது இடுப்பு என்ற வரிசையில் தரை தொடும். தலை தொடவே கூடாது. எல்லோரும் செய்யும் தப்பு, முதுகுத்தண்டு வழியாக நேராக உருளுவது. மணலில் தெரியாது, செம்மண்ணில் ஒவ்வொரு எலும்பும் தெரியும். அதைவிட ஆபத்து, பயத்தில் கையை நீட்டி விறைப்பாக ஊன்றுவது. மணிக்கட்டும் முழங்கையும் அப்படித்தான் உடைகின்றன. மண்டியிலிருந்து பக்கத்துக்கு ஐந்து முறை பழகி, பிறகு குந்திய நிலை, பிறகு நடை, கடைசியாகத் தாழ வரும் பந்தை எடுத்தபடி. பின்வரிசையில் நின்று பந்தை எடுக்கும் உங்கள் லிபெரோ ஒருத்திக்காகவே இவ்வளவும் செய்யலாம்.

இனி கணுக்கால். நீங்கள் பார்த்த உருளைப் பலகையில் இரண்டு காலும் பலகை மேல் இருக்கும், அது இடம் வலமாக மட்டும் ஓடும். சர்ஃபிங்கில் முன்காலுக்கும் பின்காலுக்கும் எடை மாற்றிப் பழக அது சரி. ஆனால் அலைப்பலகை விரல் பக்கமும் குதிகால் பக்கமும் சாய்வதை அது கற்றுத்தராது. பட்டையின் மேல் குறுக்காகத் திரும்பி நின்றால்தான் அந்தச் சாய்வு கைவரும். கணுக்கால் பிசகுவதோ ஒற்றைக் காலில், பாதம் உள்பக்கமாகப் புரளும்போது. ஆகவே உங்களுக்கு உருளை வேண்டாம். தச்சரிடம் சொல்லி 40 செ.மீ. வட்டப் பலகை ஒன்றின் அடியில், நடுவாக, ஏழெட்டு செ.மீ. உயர அரைக்கோளக் கட்டையைப் பொருத்தி வாங்குங்கள். அணிக்கு நான்கு போதும். ஒற்றைக் காலில் 30 வினாடி, காலுக்கு மூன்று முறை. சரியாக நிற்க வந்ததும் நின்றபடியே பந்தை ஃபிங்கர் பாஸ் (விரல்களால் மேலே தள்ளுவது) செய்யட்டும்.

வாலிபால் வீரர்களை வைத்தே இதை நெதர்லாந்தில் சோதித்திருக்கிறார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், ஒரு சீசன் முழுக்க இத்தகைய பலகைப் பயிற்சி செய்த அணிகளில் கணுக்கால் பிசகுவது குறைந்தது. பலன் தெரிந்தது முன்பே பிசகியவர்களிடம். உங்கள் 'இரண்டாவது முறை' பெண்ணுக்கு இது கட்டாயம். அதே ஆய்வில், முன்பே முட்டிக் காயம் இருந்தவர்களுக்கு முட்டி வலி கூடியிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பலகையில் ஏற்றாதீர்கள், வெறும் தரையில் ஒற்றைக் காலில் நிற்கட்டும். இன்னொன்று, ஆடும் பலகை மேல் நின்று குந்தி எழுந்தால் குதிக்கும் உயரம் கூடும் என்று சிலர் சொல்வார்கள். நிலையில்லாத பரப்பில் கால் முழு விசையைத் தர முடியாது. உயரத்துக்குக் கெட்டித் தரையில்தான் உழைக்க வேண்டும்.

மரத்தில் கட்டும் பட்டை மேல் உங்களுக்கு ஆசை இருப்பது கடிதத்தில் தெரிகிறது. கட்டலாம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். 50 மி.மீ. அகலப் பட்டை, எட்டுப் பத்து மீட்டர் இடைவெளி, முட்டி உயரத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஆள் நின்றாலும் தரை தொடக் கூடாது. நம் பக்கம் சவுக்குத் தோப்பு எங்கும் இருப்பதால் அதில் கட்டத் தோன்றும். கழிக்காக வளர்க்கும் சவுக்கு மெலிசு. பட்டை இழுக்கும் விசை நிற்பவரின் எடையைப் போலப் பல மடங்கு. அடிமரம் 30 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத வேம்பு, புளி, தூங்குமூஞ்சி என்று பார்த்து, பட்டை உரசும் இடத்தில் சாக்கை மடித்துச் சுற்றுங்கள். பட்டையை இறுக்கும் ராட்செட்டை நீங்களே இறுக்கி நீங்களே தளர்த்துங்கள், பிள்ளைகள் கை வைக்க வேண்டாம். முதலில் நடுவில் ஏறாமல் மரத்துக்குப் பக்கத்தில் ஏறட்டும், அங்கே ஆட்டம் குறைவு. வெறுங்கால், கண் எதிர் மரத்தில். முதல் சில நாள் கால் வெடவெடவென்று நடுங்கும். அது பயமோ பலவீனமோ இல்லை, காலின் அனிச்சை பட்டையின் அசைவைத் துரத்திக்கொண்டு போவதால் வருவது, பழகப் பழக அடங்கிவிடும். காலுக்குப் பத்து வினாடி நிற்க வந்த பிறகே நடை.

சர்வீஸ் கைக்கு மூன்று பந்து வித்தை. நம் பெண்களுக்கு இது புதுசில்லை, மூன்று காய்களைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் அம்மானை அவர்கள் பாட்டிகளின் ஆட்டம். டென்னிஸ் பந்து துள்ளி ஓடும், பொறுக்குவதிலேயே நேரம் போய்விடும். துணிப்பைகளைத் தைத்து ஒவ்வொன்றிலும் 120 கிராம் புளியங்கொட்டை போட்டு மூடுங்கள். அரிசி வேண்டாம், கடலூர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், மிச்சத்துக்கு வண்டு வரும். ஒரு பை, கண் உயரத்துக்கு, இடக்கையிலிருந்து வலக்கைக்கும் திரும்பவும். பிறகு இரண்டு: முதல் பை உச்சிக்குப் போனதும் இரண்டாவதை எறிய வேண்டும். இங்கேதான் எல்லோரும் ஏமாற்றுவார்கள், இரண்டாவதை எறியாமல் கைக்குக் கை நகர்த்திவிடுவார்கள். எந்தக் கை எறிய மறுக்கிறதோ அந்தக் கையிலிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். மூன்றாவது சேர்ந்ததும் பைகள் முன்னால் முன்னால் போகும், பிள்ளையும் துரத்திக்கொண்டு நடப்பாள். சுவரைப் பார்த்து ஒரு முழ தூரத்தில் நிற்க வையுங்கள், தானாக நேராகும்.

இதனால் கிடைப்பது என்ன? ஒரே உயரத்துக்கு ஒரே விசையில் எறியும் கை, பந்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே மற்றதை ஓரக்கண்ணில் வாங்கும் பழக்கம். இரண்டும் சர்வீஸுக்கும், ஸ்பைக்குக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டருக்கும் நேரடியாக வேண்டியவை. மூளை வளரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்ப வேண்டாம். மூன்று மாதம் இந்தப் பந்து வித்தையை (ஜக்லிங்) பழகியவர்களின் மூளையில், அசைவைப் பார்க்கும் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் கூடியதை 2004இல் ஒரு ஜெர்மன் குழு காட்டியது உண்மைதான். பழக்கத்தை விட்டதும் அது குறைந்ததையும் அதே குழுதான் காட்டியது.

தோளுக்குக் கையூன்றித் தலைகீழாக நிற்பது. சுவருக்கு முதுகு காட்டிக் காலை உதைத்து ஏறும் வழக்கத்தை விடுங்கள், இடுப்பு வளைந்து வாழைப்பழம் மாதிரி நிற்பார்கள். சுவரை ஒட்டிப் பாதங்களை வைத்துக் கையூன்றி, காலால் சுவரில் ஏறியபடி கைகளைப் பின்னால் நகர்த்தி, நெஞ்சு சுவரைப் பார்க்க நிற்க வேண்டும். கை சுவரிலிருந்து ஒரு முழத்தில் நிற்கட்டும், அதற்கு மேல் கிட்டப் போக அவசரமில்லை. முழங்கை நேராக, தோள் காதைத் தொடும்படி தரையைத் தள்ள வேண்டும். ஸ்பைக் அடிக்கும்போது தோள்பட்டை எலும்பு மேல்நோக்கித் திரும்பி நிற்பதை இந்தத் தள்ளல்தான் பலப்படுத்துகிறது. 20 வினாடி மூன்று முறை, வாரம் ஒரு நாள். அதற்கு முன் மணிக்கட்டை இரண்டு நிமிடம் பதப்படுத்த வேண்டும். ஏறும் முன்பே, ஒரு கையை நகர்த்திப் பக்கவாட்டில் கால் போட்டு இறங்கும் வழியைப் பழக்கிவிடுங்கள். களைப்பு வேறு, வலி வேறு. தோளில் வலி என்று சொல்லும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் தலைகீழாக நிறுத்தாதீர்கள். மேட்சுக்கு முந்தின நாள் யாருக்கும் இது வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். யாராவது வேப்பமரக் கிளையில் துணியைக் கட்டித் தொங்கவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். தொங்கிச் சுழலும் உடம்பு தன் எடையைப் போலப் பல மடங்கு விசையைக் கிளைக்குக் கொடுக்கும். கொக்கி, கயிறு, மெத்தை எல்லாம் தெரிந்த ஆள் இல்லாமல் அது கூடாது. பிடிவலுதான் வேண்டுமென்றால் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் மல்லர் கம்பம் (நட்ட மரக்கம்பத்தில் ஏறிச் செய்யும் வித்தை) இருக்கிறது, சொல்லித்தர ஆளும் இருக்கிறார்கள். ஆனால் அது கபடிக்குப் பொருந்தும் அளவுக்கு வாலிபாலுக்குப் பொருந்தாது.

அந்த அம்மாவிடம் வாதம் செய்ய வேண்டாம், ஒரு நாள் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் டி-ஷர்ட்டை டிராக் பேண்டுக்குள் செருகியிருக்கட்டும், தலைகீழாக நிற்கும்போது வழியக் கூடாது. அவர் கவலையில் பாதி அதுவாகத்தான் இருக்கும். மீதிக்கு, கரணமும் கம்பமும் பதக்கம் தரும் விளையாட்டுகள் என்று சொல்லலாம். பஞ்ச்குலாவில் 2022இல் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் மல்லர் கம்பமும் இருந்தது. விளையாட்டுக்கும் சர்க்கஸுக்கும் போக்குவரத்து பழசு. தலச்சேரிக்காரர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் ஜிம்னாஸ்டிக்ஸும் களரியும் கற்றுத்தந்தவர்; 1901இல் அவர் தொடங்கிய பயிற்சிக்கூடம்தான் இந்திய சர்க்கஸுக்கு ஆள் கொடுத்தது. கழைக்கூத்தாடி என்பதை வசவாகச் சொல்வதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். கயிற்றில் நடப்பவர் கையிலிருக்கும் நீளக் கழி உடம்பு சாய்வதை மெதுவாக்கி, திருத்திக்கொள்ள நேரம் வாங்கித் தருகிறது. உங்கள் இயற்பியல் ஆசிரியர் ஒரு வகுப்பே எடுக்கலாம்.

நேரம்: வாரம் இரண்டு நாள், பயிற்சியின் தொடக்கத்தில், வார்ம்-அப் முடிந்ததும் 15 நிமிடம். கடைசியில் வைக்காதீர்கள், களைத்த காலுக்குச் சமநிலை பழக்கினால் தப்பான அசைவுதான் பதியும். முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு நாள் பலகையும் பையும், மறுநாள் உருளுவதும் கையூன்றி நிற்பதும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கணக்கு எடுத்துவையுங்கள். சர்வீஸ் இடத்தில், அடிக்கும் கைப்பக்கத் தோளுக்கு ஒரு அடி முன்னால் தரையில் 30 செ.மீ. வட்டம் போட்டு, ஒவ்வொருவரும் பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்காமல் விழ விடட்டும். பத்தில் எத்தனை வட்டத்துக்குள் விழுகிறது, ஒற்றைக் காலில் கண்ணை மூடி எத்தனை வினாடி நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். ஒற்றைக் காலில் நிற்கும் வினாடி கூடி, வட்டத்துக்குள் விழும் எண்ணிக்கை கூடவில்லை என்றால், பைகளை அலமாரியில் வைத்துவிட்டு அந்த நேரத்தைச் சர்வீஸுக்கே கொடுத்துவிடுங்கள்.